ஐந்தாம் இடத்தின் வரைபடம்

பாம்பன்
3 ஜூலை 2025

உமாவுக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ஜனவரியில் நான் பேசிய பேச்சுக்கு நீ எடுக்காமல் இருப்பது நியாயம்தான். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆராய்ச்சி பாதியில் இருக்கும்போது என்னைக் கடலோடு விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் வேலைக்குப் போனவள் நீ. ஆனாலும் இதை நீ படித்தாக வேண்டும். மெயிலில் எழுதாமல் தபாலில் எழுதுகிறேன், ஏனென்றால் நாம் ஆன்லைனில் வைத்திருப்பதை யாரோ பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நாம் குறித்துவைத்த ஒன்பது இடங்களில் முதல் இடத்தில் இப்போது கடல் அட்டை இல்லை. ஏப்ரலில் செல்லச்சாமி அண்ணன் முங்கிவிட்டு மேலே வந்து, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு. ஒண்ணுகூட இல்ல."

பிடிக்கத் தடை இருந்தாலும் வெளிநாட்டில் விலைபோகிற கடல் அட்டையைத் திருடுகிறவர்கள் எப்போதும் உண்டு, அதனால் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மே கடைசியில் இரண்டாவது இடம் போனது. போன வாரம் மூன்றாவது. முதல் இடம் பாம்பனுக்குப் பக்கம். இரண்டாவது எங்கள் திருப்பாலைக்குடியையும் தாண்டி வடக்கே. மூன்றாவது மறுபடி தெற்கே. எந்த மீனவனாவது இப்படி அலைவானா? நாம் அண்ணனோடு முங்கி, அட்டை இன்னும் மிஞ்சியிருக்கும் ஒன்பது இடங்களைக் கண்டுபிடித்தோமே, அந்த நாட்களின் வரிசை இது. நம் வரைபடங்களின் வரிசை.

ஊரில் அப்படிப் பார்க்கவில்லை. இடங்கள் தெரிந்தவர்கள் மூன்று பேர். நாம் இருவரும் படித்தவர்கள், மிச்சம் இருப்பவர் அண்ணன். அதிகாரிகள் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். எந்தப் படகிலும் அவரை ஏற்றுவதில்லை. நேற்று டீக்கடையில் அவர் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து போனதை நானே பார்த்தேன்.

நாம் சேர்த்த கட்டுரைகளின் ஆன்லைன் லைப்ரரியை எங்கே வைத்திருக்கிறாய்? யாரிடம் கொடுத்தாய்?

ஜுவைரியா

•

கோயம்புத்தூர்
8 ஜூலை 2025

அன்புள்ள ஜுவைரியா லாத்தா,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்காதது தப்புதான். எடுத்தால் மறுபடி சண்டையாகுமே என்று பயந்தேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். லைப்ரரியில் இருப்பது வெறும் பட்டியல். கட்டுரையின் தலைப்பு, ஆண்டு, எழுதியவர் பெயர், அவ்வளவுதான். அதைத் தட்டினால் திறக்கிற ஃபைல் வேறிடத்தில், கல்லூரி தந்த ஆன்லைன் சேமிப்பில் இருந்தது. பிப்ரவரியில் கல்லூரி அந்த இடத்தைக் குறைத்துவிட்டது. எல்லாவற்றையும் என் சொந்தக் கணக்குக்கு மாற்றினேன். அங்கே கொள்ளாததால் பாதியை இன்னொரு சேமிப்பில் போட்டேன். ஆயிரத்து இருநூறு ஃபைல். இடம் மாறியதும் பட்டியலில் இருந்த லிங்க் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அப்போதும் உங்களுக்குத்தான் போன் போட்டேன். "நீ கொண்டுபோனது, நீயே பாத்துக்க" என்று வைத்துவிட்டீர்கள்.

பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதோடு, வரைபடங்களை ஆன்லைனில் வைக்கக் கூடாது, உங்கள் ஹார்ட் டிஸ்கில் மட்டுமே இருக்க வேண்டும் என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். ஆகவே லைப்ரரியிலிருந்து எதுவும் போயிருக்க முடியாது.

கேட்க மனசு வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அண்ணன் பேச்சுவாக்கில் யாரிடமாவது சொல்லியிருப்பாரோ? கெட்ட எண்ணத்தில் இல்லை. கடலில் கூடப் போகிறவர்களிடம் எதை எத்தனை நாள் மறைக்க முடியும்?

இருந்தாலும் நாளைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறேன்.

உமாமகேஸ்வரி

•

கோயம்புத்தூர்
11 ஜூலை 2025

லாத்தா,

இரண்டு நாளாக உங்களைப் பிடிக்க முடியவில்லை. கடலில் இருக்கிறீர்கள் போல. இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

முந்தைய கடிதத்தில் அண்ணனைப் பற்றி எழுதியதைக் கிழித்துப் போடுங்கள்.

ஃபோல்டர் திறந்து கிடக்கிறது. திறந்து வைத்தவள் நான். பிப்ரவரியில் உங்கள் கம்ப்யூட்டரில் எந்த ஃபைலைத் தட்டினாலும் பாஸ்வேர்ட் கேட்கிறது என்று கத்தினீர்கள். அன்றைக்கு இருந்த கோபத்தில், லிங்க் கையில் இருக்கிற யாரும் திறக்கலாம் என்று மாற்றிவிட்டேன். பிறகு மறந்தே போனேன். மார்ச்சில் ராமநாதபுரம் பயிலரங்கில் நம் பட்டியல் உபயோகமாக இருக்கும் என்று கேட்டார்கள், நாற்பது பேருக்கு மெயிலில் அனுப்பினேன். பட்டியலைக் கொடுத்ததாகத்தான் நினைத்தேன். லிங்குகளும் அதோடு போயிருக்கின்றன. அந்த நாற்பது பேர் வேறு யார் யாருக்கு அனுப்பினார்களோ தெரியாது.

அது மட்டுமானால் யாரோ நாலு கட்டுரையைப் படித்துவிட்டுப் போகிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் உள்ளே 'களம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஒன்பது வரைபடங்களும் அதில் இருக்கின்றன. செல்லச்சாமி அண்ணன் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளும் இருக்கிறது, பெயர், தெரு, போன் நம்பரோடு. நான் வைக்கவில்லை.

ஃபைல் எப்போது திறக்கப்பட்டது என்ற பதிவைப் பார்த்தேன். முதல் வரைபடம் ஏப்ரல் ஒன்பது. இரண்டாவது மே இருபத்திரண்டு. மூன்றாவது ஜூன் இருபத்தொன்று. ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றுதான். இடம் இடமாக யாருக்கோ விற்கிறார்கள் என்று தோன்றுகிறது. திறந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியாதவர்' என்றிருக்கிறது.

நாலாவது வரைபடம் முந்தாநாள் காலை பதினொன்று இருபதுக்குத் திறக்கப்பட்டிருக்கிறது.

இப்போதே மூடிவிடட்டுமா? சொல்லுங்கள்.

உமா

•

பாம்பன்
15 ஜூலை 2025

உமா,

நாலாவது இடம் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது.

'களம்' ஃபோல்டரை வைத்தவள் நான். போன வருஷம் என் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை உப்புக்காற்றில் செத்துப்போய்ப் பிழைத்ததே, அந்தப் பயத்தில் அப்போதே கல்லூரிச் சேமிப்பில் வைத்தேன், நீ மாற்றியபோது அதுவும் கூடவே போயிருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. முதல் கடிதத்தில் உன்னைக் குற்றம் சொல்லி எழுதும்போதும் எனக்கு அது ஞாபகம் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும். நீ மன்னிப்பது உன் இஷ்டம்.

மூடாதே. மூடினால் திருட்டு நிற்கும், ஆனால் அண்ணன் பெயரில் விழுந்த பழி அப்படியே நிற்கும். இன்றைக்குத் திறந்திருந்ததை நாளைக்கு யாருக்குக் காட்டுவாய்? அவர் வீட்டு வாசலில் முந்தாநாள் யாரோ அறுத்த வலையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் மனைவி முருகேஸ்வரி மதினி அதைச் சுருட்டி எடுத்து வைத்தார்.

நான் சொல்வதைச் செய். அடுத்து அவர்கள் திறக்கப்போவது ஐந்தாவது. அந்த வரைபடத்தை எடுத்துவிட்டு, அதே பெயரில் பொய்யான இடம் ஒன்றைப் போட்டு வை. மொட்டைப் பாருக்குத் தெற்கே அரைக் கடல்மைல். அந்தப் பாறைத்திட்டை உனக்கு ஒருமுறை தூரத்திலிருந்து காட்டியிருக்கிறேன். அங்கே யாரும் போவதில்லை. ஆகவே அந்தப் பக்கம் ஒரு படகு திரும்பினால் அது நம் வரைபடத்தைப் பார்த்த படகுதான், வேறு காரணமே இருக்க முடியாது. நான் கரையில் நின்று படகின் நம்பரைப் படம் எடுப்பேன். உன் பதிவையும் என் படத்தையும் சேர்த்து அதிகாரிகளிடம் கொடுத்தால் அண்ணன் பெயர் சுத்தமாகிவிடும். போகிறவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

ஜுவைரியா

•

கோயம்புத்தூர்
19 ஜூலை 2025

அன்புள்ள லாத்தா,

மாற்றிவிட்டேன். பழைய ஐந்தாவது வரைபடம் இப்போது எந்தக் கணக்கிலும் இல்லை. புதியது நம் மற்ற வரைபடங்களைப் போலவே இருக்கிறது, அதே கட்டம், அதே எழுத்து, கீழே நம் இருவர் கையெழுத்து.

ஒன்று கூடுதலாகச் செய்தேன். வெறும் இடம் மட்டும் இருந்தால் தவறவிட்டுவிடுவார்களோ என்று, சதுர மீட்டருக்கு ஆறு அட்டை என்று எழுதினேன். 'ஒன்பது இடங்களில் இதுவே பெரியது' என்று குறிப்பும் போட்டேன். பத்து வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய்யான எண் இதுதான்.

ஒரு சந்தேகம். கடல் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில் ஆழம் சட்டென்று இறங்குகிறது. அங்கே யாரும் போவதில்லை என்று எழுதினீர்கள். ஏன் போவதில்லை?

உமா

•

பாம்பன்
23 ஜூலை 2025

உமா,

கச்சான் காற்று பத்து நாளாக விடாமல் அடிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மேஜை மேல் மணல்.

நீ கேட்டதற்குப் பதில்: அங்கே நீரோட்டம் இழுக்கும், அண்ணன் பாஷையில் நீவாடு. இந்தக் காற்றுக் காலத்தில் கூடுதலாக. அதனால்தான் எந்தப் படகும் தற்செயலாகப் போகாது என்றேன். தொழில் தெரிந்தவர்கள் தண்ணீரைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார்கள். கவலைப்படாதே.

இன்று மதியம் செல்லச்சாமி அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, நான் போட்ட கையெழுத்து, அந்தத் தாளு, ஒங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமாண்ணே. ஏன்?"

"ஒருத்தன் போன் பண்ணுறான். எம் பேரு, தெரு, வயசு, எல்லாம் சொல்றான். நாளைக்கோ மறுநாளோ ஒரு எடத்துக்கு வரணும்கிறான்."

"போகாதீங்கண்ணே" என்றேன்.

"வரலைன்னா நீதான் எடத்த வித்தேன்னு அந்தத் தாளக் காட்டி ஊருக்கே சொல்லுவோம்கிறான். இப்பவே எவனும் மொகங்குடுத்துப் பேசல."

"எந்த இடம்னு சொன்னாங்களா?"

"சொல்லல. படத்தப் பாத்துச் சொல்லுறேங்கிறான்."

"போகாதீங்க, அவ்வளவுதான் நான் சொல்லுவேன். இன்னும் ஒரு வாரம் பொறுங்க, எல்லாம் சரியாயிரும்."

என் முகத்தையே பார்த்தார். ஏன் ஒரு வாரம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. சொன்னால் மதினியிடம் சொல்வார், மதினி தெருவில் சொல்வார், அவர்கள் காதுக்குப் போனால் நாம் செய்ததெல்லாம் வீண். அதனால் நானும் சொல்லவில்லை. சரிதானே?

ஜுவைரியா

•

கோயம்புத்தூர்
26 ஜூலை 2025

லாத்தா,

சரியில்லை. அவரிடம் சொல்லிவிடுங்கள். போனிலும் இதைத்தான் சொன்னேன், நீங்கள் "இன்னும் ரெண்டு நாள்" என்று வைத்துவிட்டீர்கள். எழுத்தில் சொன்னாலாவது கேட்பீர்களோ என்று எழுதுகிறேன்.

ஐந்தாவது வரைபடம் வியாழக்கிழமை திறக்கப்பட்டது. இதுவரை ஒவ்வொரு வரைபடத்தையும் ஒரு தடவைதான் திறந்தார்கள். இதை மூன்று நாளில் பதினொரு தடவை திறந்திருக்கிறார்கள். நான் எழுதிய அந்தக் குறிப்பினால்தான் இருக்கும். ஒரு ஆள் இல்லை, பல பேர்.

எனக்கு இதை மூடிவிடத் தோன்றுகிறது. அண்ணனைப் போய்ப் பாருங்கள். இந்தக் கடிதம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள் என்று எழுதுவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

உமா

•

பாம்பன்
2 ஆகஸ்ட் 2025

உமா,

போனில் நான் சொன்னது பாதி. அழுகையில் உனக்கு என்ன கேட்டதோ தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் கரைக்குப் போய்விட்டேன். ஏழு மணிக்கு ஒரு வெளியூர்ப் படகு புறப்பட்டு, மற்றப் படகுகள் போகாத திசையில் தெற்கே திரும்பியது. நான்கு தலைகள் தெரிந்தன. காற்றில் தண்ணீர் தெறித்து முகங்கள் தெரியவில்லை. நம்பரைப் படம் எடுத்தேன். மூன்று படங்கள். மாட்டிக்கொண்டார்கள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை உன்னிடம் மறைக்கக் கூடாது. சந்தோஷமாக இருந்தது. அவர்கள் திரும்பி வரட்டும், பிறகு அதிகாரிகளைக் கூப்பிடலாம் என்று கரையிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

நான்கு பேரில் ஒருவர் அண்ணன்.

படகை ஓட்டக் கூலிக்குப் போனவர் மாரிச்செல்வம், நம் பக்கத்துத் தெரு. அவர்தான் பிறகு வந்து சொன்னார். இடத்துக்குப் போனதும் அண்ணன் தண்ணீரைப் பார்த்துவிட்டு முங்க மாட்டேன் என்றாராம்.

"'இது அட்ட கெடக்குற தரையே இல்லடா, நீவாடு ஆள இழுத்துட்டுப் போயிரும்'னு அண்ணன் சொன்னாரு. அவனுக போன எடுத்து நீட்டுனானுக. 'படத்துல போட்டிருக்கு, ரெண்டு டாக்டருமாரு கையெழுத்துப் போட்டுருக்காக, ஒனக்குத் தெரியுமா அவுகளுக்குத் தெரியுமா'ன்னு கேட்டானுக. அண்ணன் அந்தப் படத்த வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. 'ஆமா, தங்கச்சி கையெழுத்துதான்'னாரு. 'நான் வராத நாளுல பாத்திருப்பாக, தங்கச்சி போட்டுருந்தா இருக்கும்'னு சொல்லிட்டு எறங்கினாரு."

இரண்டு முறை முங்கி வெறுங்கையோடு வந்திருக்கிறார். மூன்றாவது முறை வரவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு, மாரிச்செல்வத்தை மிரட்டிப் படகைத் திருப்பச் சொல்லி, வேறொரு கரையில் இறங்கி, அண்ணனைக் கூட்டிப்போன அந்த இருவரும் போய்விட்டார்கள். நான் எடுத்த நம்பர் பொய் நம்பராம்.

புதன்கிழமை காலை கிழக்கே கரை ஒதுங்கினார். நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.

ஜுவைரியா

•

கோயம்புத்தூர்
6 ஆகஸ்ட் 2025

லாத்தா,

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இரண்டு சேமிப்புகளிலும் ஃபோல்டர் இல்லை. இனி லிங்கைத் தட்டினால் எதுவும் திறக்காது. ஆயிரத்து இருநூறு ஃபைலும் போயிற்று, அதைப் பற்றி இப்போது என்ன.

அழிக்கும்முன் பதிவைப் பார்த்தேன். ஐந்தாவது வரைபடத்தை இருபத்து மூன்று முறை இறக்கியிருக்கிறார்கள். அவை அவரவர் போனில் இருக்கின்றன. அதை என்னால் அழிக்க முடியாது.

நான் வகுப்புக்குப் போகிறேன், வருகிறேன். கரும்பலகையில் ஏதாவது எண் எழுதினால், எழுதியது சரிதானா என்று மூன்று தடவை திரும்பிப் பார்க்கிறேன். முதுகுளத்தூர் வீட்டிலிருந்து அய்யா போன் செய்து உடம்புக்கு என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. நாம் சொல்லத்தான் வேண்டுமா? அவர் கடலில் முங்கி இறந்தார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சொன்னால் அவர் திரும்பப்போவதில்லை. உங்கள் பட்டம், என் வேலை, இரண்டும் போகும். மதினிக்கு நம்மால் ஆன உதவியைச் செய்துகொண்டு பேசாமல் இருக்கலாம். இப்படி யோசிக்கிறவள் நானா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதன்படி.

உமா

•

பாம்பன்
13 ஆகஸ்ட் 2025

உமா,

மூன்று நாளாக உன் போன் அணைந்திருக்கிறது. அதனால் மறுபடி தபால், ஸ்பீடு போஸ்டில்.

நான் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் உன் பதிலைப் பிடித்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

முதலில் முருகேஸ்வரி மதினியிடம் சொன்னேன். திறந்து கிடந்த ஃபோல்டர், அந்தத் தாள், பொய்ப் படம், அன்று மதியம் அவர் என் அறைக்கு வந்து நின்றது, எல்லாம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கடைசிவரை நிறுத்தவில்லை. முடித்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"வந்து நின்னவருகிட்ட அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமேத்தா?"

எழுந்து உள்ளே போனார். வெகு நேரம் கழித்து நானாக எழுந்து வந்தேன்.

அதிகாரிகளிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் பெயரையும் எழுதினேன். அண்ணன் எந்த இடத்தையும் யாருக்கும் சொல்லவில்லை என்பது இப்போது காகிதத்தில் இருக்கிறது. உன்னையும் கூப்பிடுவார்கள்.

ஆனால் இதை எழுதுவது அதற்காக இல்லை. அண்ணன் செத்த இடத்தைப் பற்றி ஊரில் வேறு கதை ஓடுகிறது. அவ்வளவு பெரிய முங்காளி உயிரைக் கொடுத்து இறங்கினார் என்றால் அங்கே எவ்வளவு அட்டை இருக்கும் என்று பேசுகிறார்கள். நம் படம் போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று மூன்று படகு தெற்கே போனது. ஒன்று கயிறு அறுந்து, இயந்திரம் நின்று, எப்படியோ மாலைக்குள் திரும்பியது.

இன்று காலை ஏலக் கொட்டகையில், எல்லோரும் கூடியிருந்தபோது, நின்று சத்தமாகச் சொன்னேன். அந்தப் படம் பொய், அங்கே ஒரு அட்டைகூடக் கிடையாது, அதை வரைந்தது நானும் இன்னொருவரும் என்று. பிறகு பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

"எடத்த மறைக்கப் பாக்குறாக. முந்தி ஒளிச்சு வச்சாக, இப்ப பொய்யிங்கிறாக."

"இல்லண்ணே, சத்தியமா."

"அப்ப அந்தக் கையெழுத்து ஒங்களுது இல்லையா?"

என்னுடையதுதான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லோரும் கலைந்து போனார்கள்.

சதுர மீட்டருக்கு ஆறு என்று எழுதியவள் நீ. அந்த எண்ணை எப்படி எழுதினாய், ஏன் எழுதினாய் என்று நீ இங்கே வந்து உன் வாயால் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். நம்புவார்கள் என்று எனக்கு உறுதியில்லை. நான் தனியாகச் சொன்னதை நம்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

காற்று இன்னும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பதினொரு படகு சேர்ந்து போவதாகப் பேசியிருக்கிறார்கள். சனிக்கிழமை வரும் ரயிலுக்கு நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

ஜுவைரியா